குடும்பக் குழு: அப்பா வருவதற்குள் தொட்டி

அம்மா: (படம்) அப்பாவின் பவள மீன் தொட்டியைப் பாருங்கள். கண்ணாடி முழுக்கப் பச்சை, பாறை மேல் முடி முடியாகப் பாசி. நேற்றுதான் தேய்த்தேன். நாளை மாலை அப்பா வருகிறார், இதைப் பார்த்தால் மனது உடைந்துவிடும்

அக்கா: அய்யோ

அத்தை: அண்ணன் கால் எப்படி இருக்கிறது?

அக்கா: வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார் அத்தை. இப்போது தூங்குகிறார்

சித்தப்பா: அண்ணி, பாசி வளர்வதே தண்ணீரில் உள்ள பாஸ்பேட்டால்தான். அதை அளந்து பார்த்தீர்களா?

தம்பி: நான் பார்த்தேன் சித்தப்பா. 160 காட்டுகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?

சித்தப்பா: கெடவில்லை. அந்த மீட்டர் காட்டுவது பாஸ்பரஸ், பிபிபி கணக்கில், அதாவது நூறு கோடியில் எத்தனை பங்கு என்று. 3.066ஆல் பெருக்கினால்தான் பாஸ்பேட். 160 என்றால் கிட்டத்தட்ட 490 பிபிபி, அதாவது பத்து லட்சத்தில் 0.49 பங்கு, 0.49 பிபிஎம். அண்ணன் 0.1ஐத் தாண்ட விடமாட்டார்

மாமா: தீனியிலிருந்துதானே பாஸ்பேட் வரும், எத்தனை வேளை தீனி போட்டாய்?

தம்பி: மூன்று. பசிக்குமே என்று. உறைந்த இறால் கட்டியை உருக்கி அந்தத் தண்ணீரோடு ஊற்றினேன்

மாமா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

அம்மா: நீக்குவதற்கு முன்பே படித்துவிட்டேன்டா. ஆறு வாரமாக அவன்தான் பார்த்துக்கொள்கிறான். தொட்டியை விற்றுவிடலாம் என்று முதல் நாளே சொன்னவன் நீ

மாமா: அக்கா, அது அத்தான் படி ஏற முடியாமல் இருந்தபோது சொன்னது

அத்தை: விடுங்கள் அண்ணி. நாளை கார் யார் எடுக்கிறீர்கள்?

மாமா: கரிதான் ஃபில்டரில் இருக்கிறதே, அது போதாதா?

சித்தப்பா: கரி மஞ்சள் நிறத்தையும் வாடையையும் எடுக்கும், பாஸ்பேட்டைத் தொடாது. அதற்கென்று பழுப்புக் குருணை இருக்கிறது, இரும்பு ஆக்சைடு, ஜிஎஃப்ஓ என்பார்கள், பாஸ்பேட் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். வெள்ளை உருண்டையாக வருவது அலுமினியம் ஆக்சைடு, அதுவும் நன்றாக இழுக்கும், ஆனால் சிலர் தொட்டியில் அதைப் போட்டதும் லெதர் என்கிற மென்மையான பவளம் சுருங்கிவிடுகிறது, நம் தொட்டியில் நடுநாயகமே லெதர்தான். லாந்தனம் குளோரைடு சொட்டு மருந்து எல்லாவற்றையும் விட வேகம், பாஸ்பேட் பொடியாகித் தண்ணீர் பால் போலக் கலங்கும், அந்தப் பொடியை நுண்ணிய துணிப்பையில் வடிகட்டாவிட்டால் மீனின் செவுளைப் பாதிக்கும், நம் மஞ்சள் டாங்க் மீன் அதைத் தாங்காது. அதனால் பழுப்புக் குருணைதான்

அக்கா: 👍

மாமா: அப்படியானால் இன்றே போட்டு நாளைக்குள் பூஜ்யம் ஆக்கிவிடலாமே மச்சான்

சித்தப்பா: அதை மட்டும் செய்யவே கூடாது. என் தொட்டியில் முழு அளவு போட்டு மூன்றே நாளில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். கிளைப் பவளம் அடியிலிருந்து வெளுத்து, சதை உரிந்து, வெள்ளை எலும்பு மட்டும் நின்றது. பிறகு மணல் மேல் குமிழியோடு பழுப்புச் சளி படர்ந்தது, டைனோ என்கிற நுண்ணுயிர். பவளத்துக்கும் கொஞ்சம் பாஸ்பேட் வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் அளவில் பாதி போடுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை அளந்து பாருங்கள்

அத்தை: கார்?

அக்கா: முன்சீட்டை முழுவதும் பின்னால் தள்ள வேண்டும், அப்பாவுக்குக் கால் இன்னும் மடங்கவில்லை

மாமா: என் வண்டியில் இடம் இருக்கும். நேரம் பிறகு சொல்கிறேன்

அத்தை: போன தடவையும் பிறகு என்றுதான் சொன்னீர்கள்

தம்பி: சித்தப்பா, குருணையை அப்படியே கொட்டலாமா?

சித்தப்பா: ஆர்ஓ தண்ணீரில் அலசு. முதல் பக்கெட் செங்கல் கரைத்தது போல வரும், தெளியும் வரை அலசிவிட்டு ரியாக்டரில் போடு, குருணை வழியாகத் தண்ணீரைத் தள்ளும் குழாய் அது. மோட்டாரை மெதுவாக வை, குருணையின் மேல்மட்டம் மட்டும் லேசாக அசைந்தால் போதும். வேகம் கூடினால் ஒன்றோடொன்று உரசிப் பொடியாகித் தொட்டிக்குள் வந்துவிடும்

தம்பி: ரியாக்டர் மோட்டார் எங்கே?

அம்மா: அலமாரியில் இல்லை

அக்கா: மாமா வாங்கிக்கொண்டு போனார்

மாமா: திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றுதான் நினைவு. பார்க்கிறேன்

சித்தப்பா: கிடைக்கும் வரை குருணையைத் துணிப்பையில் கட்டி, தண்ணீர் ஓடும் இடத்தில் வை. ஃபில்டர் பஞ்சை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்று. தீனி ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. இன்னொன்று, ஆறு வாரமாகப் பாறையும் பாஸ்பேட்டைக் குடித்து வைத்திருக்கும், தண்ணீரில் குறைந்தால் திரும்ப வெளியே விடும். எண் இறங்கிப் பிறகு ஏறினால் பயப்படாதே, குருணையை மாற்று

தம்பி: சரி சித்தப்பா. அப்பாவிடம் யார் சொல்வது?

அம்மா: வந்து உட்காரட்டும், மெதுவாகச் சொல்லலாம்

அத்தை: ஆமாம், இப்போது வேண்டாம்

அப்பா: 160ஆ?

அக்கா: போன் சார்ஜில்தானே இருந்தது!!

அப்பா: லெதர் விரிந்திருக்கிறதா?

தம்பி: (படம்) பாதி விரிந்திருக்கிறது அப்பா

அப்பா: நுனியில் பூ தெரிகிறது, பிழைத்துக்கொள்ளும். பாதி அளவுகூட வேண்டாம், கால் பங்கில் ஆரம்பி

சித்தப்பா: அண்ணா, 0.49க்குக் கால் பங்கு போதாது

அப்பா: நாளை நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். கார் எத்தனை மணிக்கு?