டெல்லி வெலோட்ரோம், 1 கி.மீ. டைம் ட்ரையல்: நாலாவது லேப்ல 3 விநாடி எங்கே போகுது?

துவாரகா செந்தில்:
வணக்கம். தம்பிக்கு 19 வயசு, எடை 74 கிலோ. இந்திரா காந்தி வெலோட்ரோம்ல (250 மீட்டர் மரப்பலகை சைக்கிள் தடம்) 1 கி.மீ. டைம் ட்ரையலுக்கு, அதாவது நின்ன இடத்திலிருந்து தனியா நாலு லேப் ஓட்டுற பந்தயத்துக்கு, தயாராகிட்டிருக்கான். கியர் 52×15 (முன்னால 52 பல், பின்னால 15 பல்). கடைசியா எடுத்த நேரம் 1:09.2. லேப் வாரியா 20.4, 14.8, 16.1, 17.9. ரெண்டாவது லேப்ல பறக்கிறான், நாலாவதுல கால் கல்லா இறுகிடுது. கோச் ஸ்டாமினா பத்தலைங்கிறார். வாரக் கடைசியில குருகிராம்–ஃபரிதாபாத் ரோட்ல நூறு கி.மீ. ஓட்டினா சரியாகுமா? இல்ல கியரை மாத்தணுமா?

ஆர்.கே.புரம் ரவி:
லேப் நேரத்தைப் பிரிச்சுக் கொடுத்தது நல்லதாப் போச்சு செந்தில், பாதி பதில் அதுலயே இருக்கு.

சக்கரச் சுற்றளவு 2.09 மீட்டர்னு வெச்சுக்கிட்டா, 52×15ல பெடல் ஒரு சுத்துக்கு சைக்கிள் 7.25 மீட்டர் போகும். 14.8 விநாடி லேப்னா மணிக்கு 60.8 கி.மீ. அதாவது கேடன்ஸ் (நிமிஷத்துக்கு பெடல் எத்தனை சுத்துங்கிற கணக்கு) சராசரியே 140, உச்சத்துல இன்னும் மேல. ஸ்ப்ரிண்ட்ல 200 மீட்டருக்கு அது பரவாயில்ல. கிலோல, அதாவது 1 கி.மீ. பந்தயத்துல, அவ்வளவு வேகமா காலைச் சுத்தினா, சுத்துறதுக்கே சக்தி போயிடும். நாலாவது லேப்ல வேகம் 50 கி.மீ., கேடன்ஸ் 115ன்னு இறங்கியிருக்கு. ரெண்டாவது லேப்புக்கும் நாலாவதுக்கும் நடுவுல 3.1 விநாடி இடைவெளி. தேர்ந்தவங்க இதை ஒன்றரைக்குள்ள வெச்சிருப்பாங்க.

அதனால கியர் கொஞ்சம் ஏறணும். ஆனா அதைவிடப் பெரிய விஷயம் ரெண்டாவது லேப். காத்தை எதிர்க்கத் தேவைப்படுற சக்தி வேகத்தோட மும்மடி கணக்குல ஏறும். 14.8க்குப் பதிலா 15.3ல ஓட்டினா வேகம் 58.8. விட்டது அரை விநாடிதான், மிச்சமாகுறது கிட்டத்தட்ட 10 சதவீத சக்தி. அந்த மிச்சத்துல மூணாவது 15.9, நாலாவது 16.7 வந்தா மொத்தம் 1:08.3. தொடக்கத்துல எதையும் மாத்தாமலே இவ்வளவு.

இதைக் கேட்டுட்டு முதல் லேப்பை அடக்கி ஓட்டிடாதீங்க, பலர் அங்கதான் கெடுக்கிறாங்க. நின்ன இடத்திலிருந்து வேகம் எடுக்கச் செலவழிக்கிற சக்தி வேகமாவே சைக்கிள்ல தங்கும். 57, 58 கி.மீ. தொட்டதுக்கப்புறம் இன்னும் ஏத்தப் போராடுறதுதான் காத்துக்குப் போற காசு. ஸ்பீட் மீட்டர் இல்லாம அந்த வேகத்தைக் கால்ல உணரப் பழகணும். பயிற்சியில 125 மீட்டருக்கு ஒரு தடவை நேரத்தைச் சத்தமா சொல்ல ஆள் நிறுத்துங்க.

கோச் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஒரு நிமிஷ முழுமூச்சு ஓட்டத்துல கிட்டத்தட்ட பாதி சக்தி ஆக்சிஜன் வழியாத்தான் வருது. ரோடு ஓட்டம் அடித்தளத்துக்கு நல்லது, நிறுத்த வேண்டாம். ஆனா போட்டி நெருங்கும்போது வேண்டியது வேற: ஸ்டார்ட்டிங் கேட்ல (கிளம்புற வரைக்கும் சைக்கிளைப் பிடிச்சிருக்கிற கருவி) இருந்து 500 மீட்டர் முழு வேகம், 20 நிமிஷம் ஓய்வு, மறுபடி அதே மாதிரி, மொத்தம் மூணு. இன்னொரு நாள் 750 மீட்டர், போட்டி வேகத்துல, ரெண்டே ரெண்டு. அதுக்கு மேல போனா தரம் கெட்டு வெறும் களைப்புதான் மிஞ்சும்.

லஜ்பத் நகர் விஜி:
ரவி அண்ணன் தொடக்கத்தைத் தொடாம விட்டுட்டார். எனக்கு 20.4தான் முதல்ல கண்ல பட்டது. உலகத் தரத்துல முதல் லேப் 18 சொச்சம். 19.8 கொண்டு வந்தாலே 0.6 விநாடி லாபம், அதுவும் கால் புதுசா இருக்கும்போது.

கேட் பின்சக்கரத்தைப் பிடிச்சிருக்கும். முன்னால நிக்கிற கிராங்க் கிடைமட்டத்துக்கு மேல சுமார் 45 டிகிரி இருக்கணும். இதைவிடத் தாழ்ந்தா முதல் மிதி பாதியிலயே தீர்ந்துடும். கடைசி அஞ்சு விநாடிக்கு பீப் கேக்கும். 5ல சாடிலை விட்டு எழணும். 2ல இடுப்பு பின்னால போய், கை நீளணும். 1க்கும் பூஜ்யத்துக்கும் நடுவுல இடுப்பு முன்னால கிளம்பி, கேட் விடுற அதே நொடியில உடம்பு எடை முழுக்க முன்பெடல் மேல விழணும். சீக்கிரம் பாய்ஞ்சா கேட் விடுறதுக்குள்ள அந்த வேகம் செத்துடும். தம்பியை மொபைல்ல பக்கவாட்டுல இருந்து ஸ்லோ மோஷன்ல எடுத்துப் பாருங்க, பெரும்பாலும் இதுதான் தப்பா இருக்கும். இன்னொண்ணு, கையால பாரை மேல இழுக்கக் கூடாது, முன்சக்கரம் தூக்கும். இடுப்பை நோக்கி இழுக்கணும்.

கிளம்புறது நேர்ப்பாதையோட நடுவுல. அதனால வளைவு உடனே வந்துடும். தடத்தோட உள்ளோரம் இருக்கிற கறுப்புக் கோட்டுலயே இருந்து நின்னு மிதிக்கணும், அரை லேப் தாண்டித்தான் உக்காரணும். பேஸ் பார்ல (அகலமான கைப்பிடி) இருந்து எக்ஸ்டென்ஷனுக்கு (முன்னால நீட்டியிருக்கிற கைப்பிடி) கை மாத்துறது நேர்ப்பாதையில மட்டும், ஒவ்வொரு கையா. வளைவுல மாத்தினா சைக்கிள் மேல ஏறும் இல்லன்னா கீழ இறங்கும். பெடல்ல கிளிப் மட்டும் போதாது, ஸ்ட்ராப்பும் போடுங்க. முதல் மிதியில கால் கழண்டா அங்கேயே கதை முடிஞ்சுது.

மயூர் விஹார் ராமன்:
இருவரும் சொன்னவை சரி. கோட்டைப் பற்றிச் சேர்க்கிறேன். கறுப்புக் கோட்டில் அளந்தால்தான் அது 250 மீட்டர். வளைவுகளில் அதற்கு மேலே 20 செ.மீ. தள்ளி ஓட்டினால் ஒரு லேப்புக்கு 1.26 மீட்டர் கூடுகிறது. நான்கு லேப்பில் 5 மீட்டர், 60 கி.மீ. வேகத்தில் 0.3 விநாடி. களைத்தவர் தலையை நிமிர்த்துவார், வளைவு முடியும் இடத்தில் சைக்கிள் தானாக மேலே நழுவும். நான்காவது லேப்பில் இது இரட்டிப்பாகும். கீழே இறங்கவும் முடியாது, கோட்டுக்குக் கீழே உள்ள நீலப் பட்டையில் ஸ்பான்ஜ் கட்டைகள் வைத்திருப்பார்கள். தம்பியின் கடைசி இரண்டு வளைவுகளை உள்மைதானத்திலிருந்து படம் எடுத்து, சக்கரத்துக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்.

இந்தப் பந்தயத்தில் சின்னக் கணக்கு எதுவும் சின்னதில்லை. 2001-ல் பொலிவியாவின் லா பாஸில் பிரான்ஸ் வீரர் அர்னோ டூர்னான் 58.875 விநாடியில் உலகச் சாதனை படைத்தார். 2007-ல் அதே ஊருக்குப் போன பிரிட்டன் வீரர் கிறிஸ் ஹாய் 58.880. சாதனை நழுவியது 0.005 விநாடியில், ஏறத்தாழ 8 செ.மீ. தூரம்.

உலகச் சாதனைகளோடு தம்பியை ஒப்பிடாதீர்கள். 2013-ல் பிரான்ஸின் பெர்விஸ் எடுத்த 56.303, 2023-ல் நெதர்லாந்தின் ஹூக்லாண்ட் எடுத்த 55.433 இரண்டும் மெக்சிகோவின் அகுவாஸ்காலியந்தெஸில் வந்தவை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,880 மீட்டர் உயரம், காற்று மெலிது. நம் பலகையில் நடந்ததைப் பாருங்கள்: 2010 காமன்வெல்த் போட்டியில் இதே இடத்தில் ஆஸ்திரேலியாவின் ஸ்காட் சண்டர்லாண்ட் 1:01.411-ல் தங்கம் வென்றார். 2022 ஆசிய டிராக் சைக்கிளிங் சாம்பியன்ஷிப்பில் இந்தியாவின் ரொனால்டோ சிங் இங்கேயே கிலோவில் வெண்கலம் வாங்கினார். 2004-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இந்தப் பந்தயம் இல்லை என்பதற்காக இதை ஒதுக்கவும் வேண்டாம். ஸ்ப்ரிண்டிலும் டீம் ஸ்ப்ரிண்டிலும் இதே கால்தான் உதவும்.

துவாரகா செந்தில்:
எல்லாருக்கும் நன்றி. வீடியோ எடுத்துடுறோம். கியர் மட்டும் சொல்லுங்க ரவி அண்ணா, 54×15ஆ, 52×14ஆ? கையில ரெண்டுமே இருக்கு.

ஆர்.கே.புரம் ரவி:
முதல்ல 54×15 செந்தில். ஒரு சுத்துக்கு 7.52 மீட்டர், 15.3 லேப்ல கேடன்ஸ் 130. 52×14னா 7.76 மீட்டர், அதே லேப்ல 126. அது பின்னாடி சுகமா இருக்கும், ஆனா 20.4 தொடக்கம் இருக்கிறவனுக்கு கேட்லயே இன்னும் நேரம் போகும். விஜி சொன்ன தொடக்கம் கைவந்து முதல் லேப் 20க்குள்ள வந்த பிறகு 14க்குப் போங்க. பெரியவங்க 120 இஞ்ச் கியர் (இதைவிட ரொம்பக் கனமானது) போடுறாங்கன்னு யாராவது சொல்வாங்க. அவங்க ஜிம்ல தூக்குற எடை வேற.

மாத்தும்போது ஒண்ணைக் கவனிங்க. செயின்ரிங்ல ரெண்டு பல் கூடினா அதே செயினுக்குப் பின் அச்சு சுமார் 6 மி.மீ. முன்னால வரும். டயர் சீட் டியூபை உரசாம இடம் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா ஒரு முழு இணைப்பு, அதாவது ஒரு இஞ்ச், கூடுதலா உள்ள செயின் வேணும், அப்போ அச்சு இப்ப இருக்கிறதைவிட 6 மி.மீ. பின்னால போகும். செயின் நடுவுல ஒரு செ.மீ. ஆட்டம் இருக்கணும். கிராங்கை மெதுவா ஒரு சுத்து சுத்தி எங்க இறுகுதோ அந்த இடத்துல அளங்க, தளர்ந்த இடத்துல அளந்தா இறுகுற இடத்துல பிடிக்கும். பின் நட் ரெண்டையும் 15 நம்பர் ஸ்பேனர்ல மாத்தி மாத்தி இறுக்குங்க. கேட்ல இருந்து ரெண்டு தடவை முழு பலத்தோட கிளம்பிட்டு, சக்கரம் இடப்பக்கம் சாய்ஞ்சிருக்கான்னு மறுபடி பாத்துட்டுத்தான் நேரம் எடுக்கணும்.