விழிப்புணர்வா, தெளிவா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பேரிடர்த் தகவல் முறைமைகள் பற்றி எழுதும்போது, ‘situational awareness’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் ‘சூழ்நிலை விழிப்புணர்வு’ என்றே எல்லோரும் எழுதிக்கொண்டு போகிறோம். எனக்கு அது ஒட்டவில்லை. இங்கே காரைக்குடியில் விழிப்புணர்வு என்றால் பள்ளிப் பிள்ளைகள் பதாகை பிடித்துப் பேரணி போவது. டெங்குவுக்கு ஒன்று, தலைக்கவசத்துக்கு ஒன்று. கட்டுப்பாட்டு அறைக்கு விழிப்புணர்வு இல்லை என்று எழுதினால், அங்கே இருப்பவர்களைத் திட்டுவது போல் ஆகிவிடும்.

ஆய்வாளர் மைக்கா எண்ட்ஸ்லி 1995இல் இந்த ஆங்கிலச் சொல்லின் கருத்தை மூன்று படிகளாக விளக்கினார்: நடப்பதைக் கவனிப்பது, அதன் பொருளைப் புரிந்துகொள்வது, அடுத்து என்ன ஆகும் என்று கணிப்பது. விமானிகளை வைத்து வளர்ந்த கருத்துத்தான். ஆனால் கண்மாய்க் கரையில் நிற்பவருக்கும் அப்படியே பொருந்தும். உபரி நீர் வழியும் கலுங்கில் தண்ணீர் ஏறுவதைப் பார்க்கிறார். மேலக் கண்மாய் நிரம்பிவிட்டது என்று புரிகிறது. விடிவதற்குள் கீழக் கண்மாய்க் கரை தாங்காது என்று ஆள் அனுப்புகிறார். அந்த மூன்றாவது படி இல்லாவிட்டால் அவர் செய்தது வெறும் வேடிக்கை.

என் பரிந்துரை: நிலவரத் தெளிவு.

‘நிலைமை’ என்று வைக்கலாமே என்றால், அது நின்றுவிட்ட ஒன்றைச் சொல்வது போல் இருக்கிறது. நிலவரம் மணிக்கு மணி மாறும். சரி, தெளிவு ஏன்? ஊருணித் தண்ணீர் கலங்கலாக இருந்தால் எங்கள் அப்பத்தா குடத்தின் உட்புறம் தேத்தாங்கொட்டையைத் தேய்த்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைப்பார். வண்டல் அடியில் இறங்கிவிடும். கஜா புயல் கரையைக் கடந்த 2018 நவம்பர் 16 அன்று என் வாட்சப்பில் தகவலுக்குப் பஞ்சமே இல்லை. சாய்ந்தது ஒரு மரம், அது நான்கு குழுக்களில் நான்கு மரமாகச் சாய்ந்தது. எந்தச் சாலையில் போகலாம் என்றுதான் தெரியவில்லை. மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்கு வரும் அழைப்புகளும் மழைமானி அளவுகளும் தனித்தனியாகக் கிடக்கும்வரை கலங்கல்தான். தகவல் முறைமைக்கு உள்ளது தேத்தாங்கொட்டை வேலை.

‘தெளிவில் கணிப்பு வராதே’ என்று நேற்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் ஆங்கில மூலச்சொல்லிலும் கணிப்பு இல்லை, வரையறைதான் அதைச் சுமக்கிறது. கூடவே, ‘சிவகங்கைக் கட்டுப்பாட்டு அறைக்கு நிலவரத் தெளிவு கிடைத்தது’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இடறவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வருவாய்த்துறை, தீயணைப்பு, மின்வாரியம் மூன்றும் ஒரே படத்தைப் பார்த்து வேலை செய்வதைக் ‘கூட்டு நிலவரத் தெளிவு’ என்பதா, ‘ஒருமித்த’ என்பதா? கூட்டு என்றதும் எனக்குப் பந்திதான் நினைவுக்கு வருகிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.