கதவுக்கு வரும் 'இம்பாசிபிள்' எனக்கு வராதா?

பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். ஒன்பதாவது படிக்கும் என் மகள் போன வெள்ளிக்கிழமை லீவ் லெட்டரில் 'ஐ ஆம் இம்பாசிபிள் டு கம்' என்று எழுதிவிட்டாள். டீச்சர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, 'இட் இஸ் இம்பாசிபிள் ஃபார் மீ டு கம்' என்று திருத்தியிருக்கிறார்.

அகராதியில் 'இயலாத, முடியாத' என்பதோடு சரி. ஓசூரில் வேலை பார்க்கும் தம்பியைக் கேட்டேன். ஆளை அப்படிச் சொன்னால் 'இவரோடு காலம் தள்ள முடியாது' என்று அர்த்தமாகிவிடுமாம். அது புரிகிறது. ஆனால் 'ஐ ஆம் அனேபிள் டு கம்' சரிதானே, இரண்டுக்கும் தமிழில் 'என்னால் வர முடியாது'தானே என்கிறாள் பிள்ளை. நியாயமான சந்தேகம். அவள் கைடிலேயே 'திஸ் டோர் இஸ் இம்பாசிபிள் டு ஓபன்' என்றும் இருக்கிறது. திங்கட்கிழமை டெஸ்ட்.

கதவோடு சேரும் இந்தச் சொல் 'ஐ ஆம் ... டு கம்' என்பதில் மட்டும் ஏன் சேரவில்லை?