புதுப்பிப்பு: சிம்ப்சன்ஸ் கிறிஸ்துமஸ் எபிசோடில் பார்ட் சொல்லும் மூன்று பெயர்கள்

உதவிய எல்லோருக்கும் நன்றி. 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் முதல் கிறிஸ்துமஸ் எபிசோடில் (1989 டிசம்பர் 17), நாய்ப் பந்தயத்துக்குப் போகும்முன் அந்தக் குடும்பத்துச் சிறுவன் பார்ட் தன் அப்பாவிடம் அடுக்கும் பெயர்கள் யாருடையவை என்று கேட்டிருந்தேன். சப்டைட்டில் போட்டுப் பார்க்கச் சொன்ன யோசனைதான் பலித்தது.

டைனி டிம், 1843இல் டிக்கன்ஸ் எழுதிய கதையில் ஊன்றுகோலோடு நடக்கும் சிறுவன். சார்லி பிரவுன் ஒரு கார்ட்டூன் சிறுவன்; அவனுடைய கிறிஸ்துமஸ் சிறப்புப் படம் டிவியில் வந்தது 1965இல். மூன்றாவது ஸ்மர்ஃப்ஸ், அதாவது நீல நிறக் குட்டிக் கார்ட்டூன் மனிதர்கள்; என் காதில் 'எல்ஃப்ஸ்' என்றே விழுந்திருந்தது.

எதிர்பாராத விஷயம்: ஏழைப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸில் அற்புதம் நடக்கும் என்பதற்குத்தான் இந்த மூவரையும் சாட்சிக்கு இழுக்கிறான். ஆனால் பந்தயத்தில் பார்ட்டும் அப்பாவும் பணம் கட்டிய நாய் கடைசியாக வருகிறது. தோற்றதால் உரிமையாளர் விரட்டிவிட்ட அதே நாய்தான் வீட்டுக்குப் பரிசு. இதைப் புரிந்து பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

எபிசோடின் தலைப்பும் நாட் கிங் கோல் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டின் முதல் வரியை மாற்றி வைத்ததுதான்.