கோப்பின் தேதியும் அப்பச்சியின் படமும்

பள்ளத்தூரிலிருந்து:

அப்பச்சியின் (என் தந்தையின்) நினைவு நாளுக்குள் நல்ல படம் ஒன்றைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட வேண்டும் என்று, 2012 புரட்டாசியில் எடுத்த படங்களை வீட்டுக் கணினியில் இரண்டு இரவுகள் தேடினேன். ‘டேட் கிரியேட்டட்’ (கோப்பு உருவான தேதி) வரிசைப்படி அடுக்கியபோது பத்தாண்டுப் படங்கள் அனைத்தும் 14-06-2021 என்ற ஒரே நாளில் குவிந்து நின்றன. பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து புதியதற்கு அவற்றை நான் நகலெடுத்த நாள் அது. ‘டேட் டேக்கன்’ (படம் எடுத்த தேதி) என்ற பத்தியைச் சேர்த்த பிறகுதான் ஆண்டுகள் பிரிந்தன. 11-10-2012க்கு நேராக அந்தப் படம் இருந்தது. வீட்டின் உள்முற்றமான வளவில் தூணோரம் ஈசிச்சேரில் அப்பச்சி, மடியில் நாளிதழ், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கிறார், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெயில் சாய்ந்து விழுந்திருக்கிறது. ஆனால் கணினி காட்டும் நேரமோ அதிகாலை 3.40. அந்த வெயில் அதிகாலை வெயிலாக இருக்க முடியாது. நேரம் பொய் என்றால் தேதியை எப்படி நம்புவது? அது எந்த நாள் என்பது எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து:

‘டேட் டேக்கன்’ என்பதும் கேமரா சொன்னதைக் கணினி திருப்பிச் சொல்வதுதான். எங்கள் தங்கையின் திருமணப் படங்கள் அனைத்தும் இன்றுவரை 01-01-2008 என்றே நிற்கின்றன. பேட்டரி முற்றிலும் இறங்கியதால் கேமராவின் கடிகாரம் பழைய நிலைக்குத் திரும்பியதை, திருப்பூட்டும் நேரத்தில் யார் கவனித்தார்கள்?

உங்கள் கேமராவில் முற்பகல், பிற்பகல் மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் உண்மையான நேரம் பிற்பகல் 3.40. இதில் ஒரு சிக்கல் உண்டு. கடிகாரம் பன்னிரண்டு மணி நேரம் பின்தங்கியிருந்தால் தேதி சரி. பன்னிரண்டு மணி நேரம் முந்தியிருந்தால் படம் எடுத்தது முந்தைய நாளான 10ஆம் தேதி. நாள் உறுதியாகத் தெரிந்த வேறொரு படத்தை அதே கேமராவில் தேடுங்கள். 2012இல் விநாயகர் சதுர்த்தி செப்டம்பர் 19. பிள்ளையார்பட்டித் தேரோட்டம் அதற்கு முந்தைய நாள் மாலை. தேரை நீங்கள் படமெடுத்திருந்தால், அது 18 என்று காட்டுகிறதா 19 என்று காட்டுகிறதா என்பதே விடை.

கானாடுகாத்தானிலிருந்து:

தேவகோட்டை நண்பர் சொல்லும் கணக்கு சரி. ஆனால் கேமராவே தொடாத கோப்புகளுக்கு அது உதவாது. பர்மாவில் கடை வைத்திருந்த ஐயா (எங்கள் தாத்தா) எழுதிய கடிதங்களை நான் ஸ்கேன் செய்தேன். அவற்றுள் ஒன்றின் தலைப்பில் ‘தாது வருஷம் ஐப்பசி’ என்று கறுப்பு மையில் இருக்கிறது. கணினியோ அதற்குச் சென்ற ஆண்டின் தேதியைக் காட்டுகிறது. தாது அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும்: 1876, 1936, 1996. இவற்றில் ஐயாவுக்குரியது 1936 என்பதை மனிதர்தாம் சொல்ல முடியும். அன்று முதல் கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களை முன்னால் எழுதிவிடுகிறேன். பெயர்வரிசையில் அடுக்கினாலே காலவரிசை வந்துவிடுகிறது. எத்தனை முறை நகலெடுத்தாலும் பெயர் மாறுவதில்லை.

கேட்காவிட்டாலும் இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் நகலெடுக்கும்போது ‘டேட் கிரியேட்டட்’ புதிதாகிவிடும்; ‘டேட் மாடிஃபைடு’ பெரும்பாலும் பழையபடியே இருக்கும். ஆகவே உருவான தேதி திருத்திய தேதிக்குப் பிந்தியதாகத் தெரிந்தால் கணினி கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். அதே வேளையில், சாய்ந்திருக்கும் படத்தை நிமிர்த்திச் சேமித்தாலும் திருத்திய தேதி இன்றைக்கு வந்துவிடும். எனவே நிமிர்த்துமுன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். தேடும் கட்டத்தில் ‘டேட்டேக்கன்’ என்பதை ஆங்கிலத்தில் இடைவெளியின்றித் தட்டி, முக்காற்புள்ளி இட்டு, தொடக்க நாள், அடுத்தடுத்து இரண்டு முற்றுப்புள்ளிகள், இறுதி நாள் என்று கொடுத்தால் அந்த இடைக்காலப் படங்கள் மட்டும் வரும். நாளையும் மாதத்தையும் உங்கள் கணினி தேதி காட்டும் முறைப்படியே எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் கேமராவின் தேதி பெரும்பாலும் இருக்காது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் சேமித்தவையானால் பெயரைப் பாருங்கள்: 20190512 என்றிருந்தால் அது 2019 மே 12ஆம் நாள் கைப்பேசிக்கு வந்தது என்று பொருள், எடுத்த நாள் அதற்கும் முந்தியதாக இருக்கலாம்.

பள்ளத்தூரிலிருந்து:

தேர்ப் படம் கிடைத்தது. வடத்தைப் பிடித்தபடி என் மகன் நிற்கிறான். 18-09-2012, அதிகாலை 5.06 என்று காட்டுகிறது. ஆகவே கடிகாரம் பின்தங்கித்தான் இருந்திருக்கிறது, தேதி சரி. அப்பச்சியின் படம் அக்டோபர் 11ஆம் நாள் பிற்பகல் 3.40க்கு எடுத்ததே. அன்று இரவு நான் காரைக்குடியில் சென்னைக்கு ரயில் ஏறினேன். அதன்பின் அப்பச்சியை உயிரோடு பார்க்கவில்லை. அந்தப் படத்தையே கண்ணாடி போடக் கொடுத்துவிட்டேன்.