ஜப்பானில் பழைய வீடியோ கேம்களை நியாயமான விலைக்கு வாங்குவது எப்படி?

கேள்வி: கேசட்_காலத்தவன்

அனைவருக்கும் வணக்கம். அலுவலக வேலையாக டோக்கியோவுக்கும், அதைத் தொடர்ந்து சில நாட்கள் ஒசாகாவுக்கும் போகவிருக்கிறேன். மாலை வேளைகளும் வார இறுதிகளும் என் கையில் இருக்கும். நின்டெண்டோவின் பழைய கேம் கருவியான சூப்பர் ஃபாமிகாம் ஒன்றையும் அதற்கான கேசட்டுகள் சிலவற்றையும் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அத்துடன் மகளுக்காக நின்டெண்டோ ஸ்விட்ச் கேம்களும், எனக்காகப் பிளேஸ்டேஷன் 4 வட்டுகளும் வாங்கலாம் என்றிருக்கிறேன். எங்கள் வீட்டில் யாருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது.

டோக்கியோவின் அகிஹபாரா வட்டாரத்துக்குப் போனால் எல்லாமே கிடைத்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அங்கே கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், கையை வைக்கக் கூடாது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எந்த வகைக் கடைக்குப் போக வேண்டும், நியாயமான விலை என்பதை எதை வைத்து முடிவு செய்வது, இங்கே கொண்டுவந்தால் பயன்படாமல் போகக்கூடியவை எவை என்று அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: நிஷிகசாய்வாசி

வணக்கம் நண்பரே. அகிஹபாரா குறித்து நீங்கள் கேள்விப்பட்ட இரண்டு கருத்துகளிலும் உண்மை இருக்கிறது. சூப்பர் பொட்டேட்டோ, ரெட்ரோ கேம் கேம்ப், டிரேடர், மண்டராகே என்று அங்குள்ள கடைகளில் கிடைக்காத பொருள் அரிது. ஆனால் உலகெங்கிலுமிருந்து வரும் பயணிகள் முதலில் நுழையும் இடம் அதுதான் என்பதால், எல்லோரும் தேடும் கேம்களின் விலை அங்கே ஏறியே இருக்கும். ஒரு மாலைப்பொழுதை அங்கே செலவிடுங்கள். எந்தெந்தக் கேம்கள் உங்களுக்கு வேண்டும், பெட்டியோடு வேண்டுமா, வெறும் கேசட் போதுமா என்பதை முடிவு செய்யவும், மேல்விலை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளவும் அதைவிட நல்ல இடம் கிடையாது. வாங்குவதை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வேறிடம் என்பது புக் ஆஃப், ஹார்ட் ஆஃப், கெயோ போன்ற பழைய பொருள் சங்கிலிக் கடைகளின் புறநகர்க் கிளைகள். புக் ஆஃப் கிளைகள் பல ரயில் நிலையங்களை ஒட்டியே இருக்கும். ஹார்ட் ஆஃப் கிளைகள் பெரும்பாலும் காரில் வருபவர்களுக்காக நெடுஞ்சாலையோரம் இருப்பதால் நிலையத்திலிருந்து சற்று நடக்க வேண்டும் அல்லது பேருந்து பிடிக்க வேண்டும். டோக்கியோவின் புறநகர்களான மாச்சிதா, ஹச்சியோஜி பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால் அலைச்சலுக்குப் பலன் உண்டு. இந்தக் கடைகளுக்குப் பொருளைக் கொடுப்பவர்கள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள், வாங்குபவர்களும் அவர்களே. அதனால் வெளிநாட்டுத் தேவையின் சூடு அங்கே அவ்வளவாக எட்டுவதில்லை. பழைய கேம் விற்பனை ஜப்பானில் இவ்வளவு வெளிப்படையாகத் தழைத்திருப்பதற்கு, வெளியீட்டு நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் 2002 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பழைய கேம்களை மறுவிற்பனை செய்வது சட்டப்படி சரியே என்று தீர்ப்பளித்ததும் ஒரு முக்கியக் காரணம்.

விலையை எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பழைய பொருள்களை விற்கும் சுருகயா கடையின் இணையதளத்தில் ஏறக்குறைய எல்லாக் கேம்களுக்கும் விலை போட்டிருக்கும். நீங்கள் தேடுபவற்றின் ஜப்பானியப் பெயரைக் கைபேசியில் முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொண்டு, கடையில் நின்றபடியே ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த விலைக்குக் கீழே இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். அமெரிக்க விலையோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். அப்படிப் பார்த்தால் எல்லாமே மலிவாகத் தெரிந்து, தேவையில்லாததையும் பைக்குள் போட்டுக்கொள்வீர்கள். 1995இல் வந்த குரோனோ டிரிக்கர் ஜப்பானில் மட்டும் 20 லட்சத்தை எட்டி விற்றது. அதனால் அதன் பெட்டியில்லாத கேசட் அங்கே ஆயிரம் யென் முன்பின்னாகக் கிடைக்கிறது; அதே கேமின் அமெரிக்கக் கேசட் நூறு டாலரைத் தாண்டும். ஆனால் அது முழுக்க முழுக்கக் கதையும் உரையாடலுமாக நகரும் கேம். ஜப்பானிய எழுத்து தெரியாத ஒருவருக்கு அந்த ஆயிரம் யென்னும் வீண்தான்.

எனவே உங்களுக்கு உண்மையான லாபம், மொழி தேவைப்படாத கேம்களில்தான் இருக்கிறது. கருவியோடு 1990 நவம்பரில் வெளிவந்த சூப்பர் மேரியோ வேர்ல்டு, எஃப் ஸீரோ ஆகிய இரண்டில் தொடங்கி, ஸ்டார் ஃபாக்ஸ், கிரேடியஸ் 3, புயோ புயோ வரை ஓட்டம், சுடுதல், புதிர் வகைக் கேம்கள் அனைத்தையும் ஓரெழுத்துகூடப் படிக்காமல் முழுமையாக ஆடலாம்.

விலைச்சீட்டில் பொருளின் குறைகளை ஒளிவுமறைவின்றி எழுதி ஒட்டுவது அங்குள்ள வழக்கம். கையேடு இல்லை, பெட்டி நசுங்கியிருக்கிறது, வெயில் பட்டு மஞ்சளித்திருக்கிறது என்றெல்லாம் குறித்திருப்பார்கள். கைபேசிக் கேமராவின் மொழிபெயர்ப்பு வசதியே அதைப் படிக்கப் போதும். கேசட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் கறுப்பு மார்க்கரில் ஒரு சிறுவனின் பெயர் சற்றே கோணலான எழுத்துகளில் எழுதப்பட்டிருந்தால், அந்த ஒரே காரணத்துக்காக விலையைக் குறைத்திருப்பார்கள். ஆடுவதற்கு அதில் ஒரு குறையும் இல்லை. அலமாரியில் அழகுக்கு வைப்பதற்காக அல்லாமல் ஆடுவதற்காக வாங்குபவர்கள் இப்படிப்பட்டவற்றையும் பெட்டியில்லாதவற்றையும் தேடி எடுப்பதுதான் புத்திசாலித்தனம். பெட்டியும் கையேடும் சேர்ந்துவிட்டால் அதே கேமின் விலை பல மடங்காகிவிடுகிறது.

ஒசாகாவில் நிப்பொன்பாஷி வட்டாரத்திலுள்ள டென் டென் டவுன் அகிஹபாராவுக்கு இணையானது. கடைகள் நெருக்கமாக இருப்பதால் விலையை ஒப்பிட்டுக்கொண்டே நடக்கலாம்.

மறுமொழி: பற்றவைப்பவன்

மேலே நண்பர் கடைகளைப் பற்றி நிறைவாகச் சொல்லிவிட்டதால் நான் கருவிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பழைய கருவிகளைப் பழுது பார்ப்பதே என் பொழுதுபோக்கு என்பதால், இதில் மக்கள் பணத்தை இழப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் பொறுப்பதில்லை.

முதலில் மின்சாரம். ஜப்பானில் 100 வோல்ட். நம் வீடுகளில் 230 வோல்ட். சூப்பர் ஃபாமிகாமுக்கான ஜப்பானிய அடாப்டரை இங்கே நேரடியாகச் செருகினால் அது கருகிவிடும். அந்த அடாப்டர் கொடுப்பது 10 வோல்ட், 850 மில்லியாம்பியர் நேர்மின்சாரம். முனையின் நடுப்பகுதி எதிர்மின். இதே அளவுள்ள, 230 வோல்ட் ஏற்கும் அடாப்டரை இங்கே வாங்கிப் பயன்படுத்தலாம், அல்லது வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக்கொள்ளலாம். நடுமுனை நேர்மின்னாக உள்ள சாதாரண அடாப்டரை மாற்றிச் செருகிவிடாதீர்கள். ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4 ஆகியவை 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பவை என்பதால் அவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.

அடுத்து, எந்தக் கேம் எந்தக் கருவியில் ஓடும் என்பது. கையடக்கக் கருவிகளான கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ், பி.எஸ்.பி. ஆகியவற்றின் கேம்களுக்கு நாட்டுத் தடை, அதாவது ஒரு நாட்டுக் கேம் வேறு நாட்டுக் கருவியில் ஓடாதபடி வைக்கும் பூட்டு, கிடையாது. நின்டெண்டோவின் சாதாரண டி.எஸ். கேம்களுக்கும் இல்லை, ஆனால் 3டி.எஸ்.ஸுக்கு உண்டு. கேம்கியூப், வீ (Wii), பிளேஸ்டேஷன் 1, 2 ஆகியவற்றின் ஜப்பானிய வட்டுகள் ஜப்பானியக் கருவியில் மட்டுமே ஓடும். சூப்பர் ஃபாமிகாம் கேசட்டுகள் அமெரிக்கக் கருவிக்குள் நுழையாது. ஐரோப்பியக் கருவிக்குள் நுழையும், ஆனால் உள்ளேயிருக்கும் பூட்டுச் சில்லு தடுத்துவிடும். நீங்கள் கருவியையும் அங்கேயே வாங்குவதால் இந்தச் சிக்கல் எழாது. சூப்பர் ஃபாமிகாமுக்கு முந்தைய கருவியான ஃபாமிகாமின் கேசட்டுகளுக்கு 60 முள் இணைப்பு. தொண்ணூறுகளில் நம் ஊரில் விற்ற போலி டிவி கேம் பெட்டிகள் பெரும்பாலானவையும் அதே 60 முள் அமைப்புதான் என்பதால், பழைய பெட்டி ஏதும் வீட்டுப் பரணில் இருந்தால் அசல் கேசட்டுகளை அதில் போட்டுப் பார்க்கலாம்.

ஹார்ட் ஆஃப் கடைகளில் 'ஜங்க்' என்று எழுதிய நீலக் கூடைகள் வரிசையாக அடுக்கியிருக்கும். சோதிக்கப்படாத, திருப்பிக் கொடுக்க முடியாத பொருள்கள் அவை. கேசட்டைப் பொறுத்தவரை நான் அவற்றைத் துணிந்து வாங்கச் சொல்வேன்; பெரும்பாலானவை இணைப்பு முனைகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தாலே உயிர் பெற்றுவிடும். கருவியை அப்படி வாங்காதீர்கள். கருவிக்குச் சோதித்துச் சான்றளித்த, குறுகிய கால உத்தரவாதமுள்ள பொருளுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதே சரி.

சேமிப்பு வசதியுள்ள சூப்பர் ஃபாமிகாம் கேசட்டுகளுக்குள் சி.ஆர். 2032 வட்ட பேட்டரி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். முப்பது ஆண்டு கடந்த பேட்டரி எப்போது வேண்டுமானாலும் தீரலாம். தீர்ந்தால் கேம் ஓடும், சேமிப்பு மட்டும் நிற்காது. மாற்றுவது எளிது என்றாலும் பற்றவைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

போலிகளைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பானியச் சங்கிலிக் கடைகளில் அவற்றைப் பார்ப்பது அரிது. ஆனால் தனிநபர் விற்கும் இணையச் சந்தைகளில், குறிப்பாகக் கேம் பாய் அட்வான்ஸ் போக்கிமான் கேசட்டுகளில், போலிகள் மலிந்திருக்கின்றன. அசல் கேசட்டின் முகப்பு ஒட்டியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், மையில்லாமல் அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண் நிழலாகத் தெரியும்.

மறுமொழி: கேசட்_காலத்தவன்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. வெளிநாட்டுப் பயணிகளுக்கு வரிவிலக்கு உண்டு என்கிறார்கள். பழைய கேம்களுக்கும் அது பொருந்துமா? ஸ்விட்ச் 2 ஜப்பானில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று அலுவலக நண்பர் ஒருவர் சொல்கிறார், அதையும் வாங்கிவிடலாமா?

மறுமொழி: நிஷிகசாய்வாசி

ஸ்விட்ச் 2 விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். 2025 ஜூனில் 49,980 யென்னுக்கு வந்தது ஜப்பானிய மொழி மட்டுமே கொண்ட பதிப்பு. அதில் மொழியை மாற்ற முடியாது. ஜப்பானைத் தன் நாடாகப் பதிந்த நின்டெண்டோ கணக்கை மட்டுமே அதில் இணைக்க முடியும். பல மொழிப் பதிப்பு வெளியானபோது அதன் விலை 69,980 யென். பிளேஸ்டேஷன் 5இலும் 2025 நவம்பரில் 55,000 யென்னுக்கு இதே போல ஜப்பானிய மொழிக்கு மட்டுமான பதிப்பை வெளியிட்டார்கள். உள்ளூர் மக்களுக்காக விலையைக் குறைத்து, வெளியே போகாமல் பூட்டிய பொருள்கள் இவை. மகளுக்குக் கொடுத்தால் அவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

ஸ்விட்ச் கேம்கள் அப்படியல்ல. நாட்டுத் தடை கிடையாது. நின்டெண்டோவே வெளியிடும் பெரிய கேம்களின் ஜப்பானியப் பதிப்பில் ஆங்கிலம் பெரும்பாலும் இருக்கும். பிரெத் ஆஃப் தி வைல்டு, போக்கிமான் ஸ்கார்லெட் இரண்டிலும் இருக்கிறது. பிற நிறுவனங்களின் கேம்களுக்கு இதை நம்பிவிடாமல், நின்டெண்டோவின் ஜப்பானிய இணையக் கடைப் பக்கத்தில் அந்தக் கேமுக்கு எந்தெந்த மொழிகள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நின்டெண்டோ கேம்களுக்குப் பழையதற்கும் புதியதற்கும் விலை வித்தியாசம் மிகக் குறைவு என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேரியோ கார்ட் போன்றவை ஆண்டுகள் பல ஆனாலும் விலை இறங்குவதே இல்லை. அவற்றைத் தேடி அலைவதைவிட யொடொபாஷி கேமரா என்ற மின்னணுப் பொருள் கடையில் புதிதாகவே வாங்கிவிடலாம்.

வரிவிலக்கு பழைய பொருளுக்கும் பொருந்தும், ஆனால் அதற்குப் பதிவு பெற்ற கிளையாக இருக்க வேண்டும். நுகர்வு வரி 10 விழுக்காடு. ஒரே கடையில் ஒரே நாளில் வரியில்லாமல் 5,000 யென்னுக்குக் குறையாமல் வாங்க வேண்டும். குறுகிய காலப் பயணியாக வந்ததற்கான குறிப்புள்ள கடவுச்சீட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். 2026 அக்டோபர் முடிய, கடையிலேயே வரியைக் கழித்துக்கொள்ளும் முறை. நவம்பர் 1 முதல் முழுத் தொகையையும் செலுத்திவிட்டு, விமான நிலையத்தில் சுங்கச் சரிபார்ப்பு முடிந்தபின் வரியைத் திரும்பப் பெறும் முறை. புறநகர்ச் சிறு கிளைகள் பலவற்றில் இந்த வசதி இருக்காது. அதற்காக அவற்றை ஒதுக்கிவிட வேண்டாம். பயணிகள் மொய்க்கும் இடங்களில் ஏற்றி வைத்திருக்கும் விலையில் பத்து விழுக்காடு கழிந்தாலும், புறநகர் விலைக்கு அது இறங்கி வராது. 2021 ஏப்ரலிலிருந்து வரி சேர்த்த விலையைக் காட்டியாக வேண்டும் என்பது சட்டம்; ஆனாலும் சீட்டில் பெரிதாகத் தெரியும் எண் வரி சேர்த்ததா, சேர்க்காததா என்பதைக் கவனித்து ஒப்பிடுங்கள்.

மறுமொழி: சிராங்கூன்_வாசகி

பிளேஸ்டேஷன் 4 வட்டுகளை ஜப்பானில் வாங்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து. கருவிக்கு நாட்டுத் தடை இல்லை என்பது உண்மைதான்; ஆனால் ஜப்பானிய வட்டுகள் பலவற்றில் ஜப்பானிய மொழி மட்டுமே இருக்கும். பின்னர் வாங்கும் கூடுதல் உள்ளடக்கங்களும் வட்டு எந்த நாட்டுப் பதிப்போ அந்த நாட்டுக் கணக்கிலிருந்துதான் வாங்கப்பட வேண்டும். வன்முறை மிகுந்த சில கேம்களில் ஜப்பானியப் பதிப்பில் காட்சிகளைக் குறைத்தும் இருப்பார்கள்.

திரும்பும் விமானம் சிங்கப்பூர் அல்லது ஹாங்காங் வழியாக அமைந்து, நகருக்குள் போய்வர நேரமும் இருந்தால், அதே ஜப்பானியக் கேம்களின் ஆசியப் பதிப்பை அங்கே வாங்குங்கள். அவற்றில் பல ஆங்கில எழுத்தோடு வெளிவருகின்றன. எந்த மொழிகள் உண்டு என்பது பெட்டியின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ஹாங்காங்கில் விற்பனை வரி என்பதே கிடையாது. ஷாம் ஷுயி போவின் கோல்டன் கணினிக் கடைத்தொகுதியில் கடைக்குக் கடை விலை விசாரித்து வாங்குவது வழக்கம். சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. இங்கும் சில சிறு கடைகளில் பழைய வட்டுகளை வாங்கி விற்கிறார்கள். கடைக்காரர் சொல்லும் முதல் விலையை ஏற்காமல் நாலு கடை ஏறி இறங்குங்கள். எந்த ஊரில் வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் உறையைத் திறந்து, உள்ளே இருப்பது வட்டுதானா அல்லது ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட பதிவிறக்கக் குறியீட்டுத் தாளா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.