சேமித்த ரிப்பேர் வீடியோ நூறைத் தாண்டிவிட்டது, வீட்டு வேலை அப்படியே நிற்கிறது

கீழ்த்தளம்:
வணக்கம். சென்னையில் வாடகை ஃப்ளாட், போர் தண்ணீர். ஹால் ஃபேன் ரெகுலேட்டரை 5-ல் வைத்தாலும் மெதுவாகத்தான் சுற்றுகிறது. சமையலறைக் குழாய் மூடிய பிறகும் சொட்டுகிறது. ஃப்ளஷ் டேங்கில் தண்ணீர் ஏறும் சத்தம் ராத்திரி முழுக்க நிற்பதே இல்லை. ஒவ்வொன்றுக்கும் வீடியோ தேடிச் சேமித்து வைக்கிறேன். ஒன்றைப் பார்த்தால் பக்கத்தில் இன்னும் மூன்று வந்து நிற்கின்றன. எதைப் பார்ப்பது, எதை விடுவது? எந்த வேலையில் ஆரம்பிக்கலாம்?

ஸ்பேனர்செட்:
வீடியோவை மூடி வைத்துவிட்டு முதலில் பழுதைக் கண்டுபிடியுங்கள். "ஃபேன் ஸ்லோ" என்று தேடினால் கண்டென்சர் (மோட்டாரைக் கிளப்பிவிடும் சிறு பாகம்), பேரிங் (தண்டு சுற்றும் குண்டு வளையம்), ரெகுலேட்டர், காயில் (மோட்டாரின் கம்பிச் சுருள்) எல்லாம் கலந்துதான் வரும். எது போயிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் ஐந்து நிமிட வீடியோ ஒன்று போதும், மற்றதை அழித்துவிடலாம்.

உங்கள் ஃபேனுக்கு வருகிறேன். இப்போது வரும் ஸ்டெப் ரெகுலேட்டர்களில் 5-ம் எண் நேர் இணைப்பு. 5-ல் சரியாக ஓடி, 1 முதல் 4 வரை தகராறு செய்தால் ரெகுலேட்டர். 5-லேயே மெதுவாக ஓடினால் சந்தேகம் ஃபேன் மேல். மெயினை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றி தானாக நின்றால் பேரிங் நன்றாக இருக்கிறது. கரகரப்போ இறுக்கமோ இருந்தால் பேரிங். அதற்கு ஃபேனைக் கழற்றிக் கடையில் கொடுப்பதுதான் சரி. லேசாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்விட்ச் போட்டால் 'ம்ம்' என்று முனகிக்கொண்டு தயங்கித் தயங்கிக் கிளம்புகிறது என்றால் பெரும்பாலும் கண்டென்சர்தான். வீட்டில் எல்லா ஃபேனும் சேர்ந்து மாலையில் மட்டும் மந்தமானால் அது வோல்டேஜ் குறைவு, எதையும் கழற்ற வேண்டாம்.

கண்டென்சர் மாற்றும்போது ஸ்விட்சை மட்டும் நம்பாதீர்கள். சில பழைய வீடுகளில் ஸ்விட்சை நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் வயரில்) கொடுத்திருப்பார்கள்; ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் ஃபேன் வயரில் கரண்ட் இருக்கும். எம்.சி.பி.யை (மெயின் போர்டில் அந்த லைனுக்கான ஸ்விட்ச்) இறக்கி, டெஸ்டரை எல்லா வயரிலும் வைத்துப் பாருங்கள். டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை அதற்கு முன்பே ஓடும் பிளக்கில் சோதித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் ஏற வேண்டாம், ஏணி வேண்டும். மேல் கப்பை (கூரையை ஒட்டிய மூடியை) இறக்கினால் கண்டென்சர் தெரியும். சில மாடலில் கீழ் மூடிக்குள் இருக்கும். வயர்களை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, கண்டென்சரின் இரண்டு முனைகளையும் பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் ஒருமுறை சேர்த்துத் தொட்டுவிட்டுப் பிறகு கழற்றுங்கள். அதில் பிளஸ் மைனஸ் கிடையாது, இரண்டு வயரில் எது எங்கே போனாலும் சரி. ஆனால் காயிலிலிருந்து வரும் வயர்கள் இடம் மாறினால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். ஃபோட்டோ அதற்குத்தான்.

ரிமோட்டோடு வரும் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அதில் இருப்பது எலக்ட்ரானிக் போர்டு. திறக்காமல் சர்வீஸுக்குச் சொல்லுங்கள்.

பைப்ரேஞ்ச்:
ஃபேனுக்கு முன்னால் ஃப்ளஷ் டேங்கைப் பாருங்கள். தண்ணீர் இரவு பகலாக வீணாகிறது, வேலையும் அதுதான் சுலபம்.

டேங்க் நிரம்பியதும் தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, கீழே இருக்கும் ஆங்கிள் காக்கை (டேங்குக்குத் தண்ணீர் விடும் சிறு வால்வை) மூடிவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் அடி வாஷர் கசிகிறது. இறங்காமல் அப்படியே நின்றால் தண்ணீர் உள்ளே விடும் வால்வு மூடவில்லை, உபரி நீர் நடுக்குழாய் வழியாகப் போகிறது. மிதவையின் ஸ்க்ரூவைத் திருப்பி, நடுக்குழாய் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே மட்டம் நிற்கும்படி வையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் வால்வுக்குள் உப்பு அடைத்திருக்கும், கழுவ வேண்டும். அடி வாஷர் என்றால், இரட்டை பட்டன் டேங்கில் நடு டவரைக் கால் சுற்று இடப்பக்கம் திருப்பினால் கையோடு வந்துவிடும். பழைய வாஷரைக் கடைக்கு எடுத்துப் போய் அதே அளவு வாங்குங்கள். டேங்குக்குள் போடும் குளோரின் மாத்திரை ரப்பரைக் கெட்டியாக்கிவிடும், போடாதீர்கள்.

சமையலறைக் குழாயில் சொட்டு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கைப்பிடி அடியில் கசிந்தால் ஓ-ரிங் (ரப்பர் வளையம்). குழாய் வாயில் சொட்டினால் பழுது உள்ளே. பல சுற்று சுற்றி மூடும் பழைய குழாய் என்றால் அரை அங்குல வாஷர் போதும். ஆனால் வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் எத்தனை வாஷர் மாற்றினாலும் சொட்டும், குழாயையே மாற்றுங்கள். கால் சுற்றில் மூடும் குழாய்க்குள் செராமிக் தகடு வைத்த கார்ட்ரிட்ஜ் இருக்கும். போர் தண்ணீரில் அந்தத் தகடுகளுக்கு நடுவே உப்பு படியும். கழற்றி வினிகரில் இரண்டு மூன்று மணி நேரம் ஊற வைத்துக் கழுவினாலே பல நேரம் சரியாகிவிடும். தகட்டில் கீறல் இருந்தால் புதிதுதான். பல் எண்ணிக்கையும் உயரமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எனவே பழையதைக் காட்டாமல் வாங்காதீர்கள். சொட்டுகிறதே என்று கைப்பிடியை மட்டும் இறுக்கி இறுக்கி மூடுகிறவர்கள்தான் வாஷரைக் கெடுக்கிறார்கள்.

தொடங்குவதற்கு முன் மாடி டேங்க் வால்வு ஒழுங்காக மூடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். பாதி வேலையில் தெரிந்தால் சமையலறை மிதக்கும்.

கீழ்த்தளம்:
ரொம்ப நன்றி. கோடு போட்டுப் பார்த்தேன், மட்டம் இறங்கவில்லை, அப்படியென்றால் மிதவைதானே? இன்னொன்று: ஃபேன் முனகிக்கொண்டுதான் கிளம்புகிறது. பழைய கண்டென்சரில் 2.5 என்று இருக்கிறது. கடைக்காரர் 3.15 போட்டால் வேகம் கூடும் என்கிறார். போடலாமா?

ஸ்பேனர்செட்:
வேண்டாம். வேகம் கொஞ்சம் கூடும், கூடவே காயில் சூடும் கூடும். கோடையில் நாள் முழுக்க ஓடும் ஃபேனில் இந்த விஷப்பரீட்சை எதற்கு? அதே 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் ஏ.சி. என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். மாற்றியும் வேகம் வராவிட்டால் காயில் போயிருக்கலாம், அதற்கு மேல் நீங்கள் நோண்ட வேண்டாம்.

மாடிப்படி:
வீடியோ பட்டியல் பற்றி: அமெரிக்க ஃப்ளஷ், ஃபேன் வீடியோக்களை முதலில் நீக்குங்கள். அங்கே 120 வோல்ட், குழாய் மரையும் வேறு, டேங்கில் சங்கிலி கட்டிய ரப்பர் மூடி. மிச்சத்தில் உங்கள் மாடலை நேரே காட்டுவதை மட்டும் வையுங்கள். டிரான்ஸ்கிரிப்ட் திறந்து 'வாஷர்' என்று தேடினால் அந்த இடத்துக்கே போய்விடலாம். கீசர், கேஸ் லைன், மெயின் போர்டு வீடியோக்களைச் சேமிக்கவே வேண்டாம், அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

பைப்ரேஞ்ச்:
ஆமாம், மிதவைதான். ஸ்க்ரூவை ஒரு சுற்று இறக்கிவிட்டு, ஆங்கிள் காக்கைத் திறந்து, டேங்க் நிரம்பும்வரை நின்று பாருங்கள்.